தப்புத் தாத்தாவும் சிறப்பு விருந்தினர்களும்

1989இல் அமெரிக்காவில் ஒரு ப்ளூஸ் கிழவர் இசைத்தட்டுப் போட்டார். ஜான் லீ ஹூக்கர் என்று பெயர். மிசிசிப்பியில் அடுத்தவன் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி விளைவித்த குடும்பத்துப் பிள்ளை. பிறந்தது 1912ஆ 1917ஆ என்பதில் இன்றைக்கும் தகராறு. எந்தக் கணக்கை எடுத்தாலும் ஆளுக்கு எழுபது தாண்டிவிட்டது. 'தி ஹீலர்' என்ற அந்தத் தட்டில் அவரோடு வாசிக்க வந்தவர்களின் பட்டியல் கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி நீளும்: கார்லோஸ் சந்தானா, பானி ரைட், ராபர்ட் கிரே, லாஸ் லோபோஸ் என்று ஊரே வந்திருந்தது. பானி ரைட்டோடு பாடிய பாட்டுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்றுதான். அட்டையில் கிழவர் பெயர் பெரிசு, வந்தவர்கள் பெயர் சிறிசு.

இலங்கையில் நம்முடைய மலைநாட்டில் ஹூக்கரைவிட மூத்த ஒரு ப்ளூஸ்காரர் இருக்கிறார். வெள்ளைக்காரத் துரையிலிருந்து மன்மதன் வரை, தஞ்சாவூர் ஐயரிலிருந்து சினிமாக் கதாநாயகன் வரை அவரோடு கூட்டுச் சேராத ஆளில்லை. ஆனால் இங்கே அட்டை தலைகீழ். வந்தவன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். கிழவர் பெயர் இருக்கவே இருக்காது.

கிழவர் பெயர் தப்பு. ஒரு வட்டச் சட்டம், அதில் இழுத்து ஒட்டிய தோல், அடிக்க இரண்டு குச்சி. சொத்து அவ்வளவுதான். குளிர் மட்டும் அவருக்கு ஆகாது. ஆகாதவரைக் கொண்டுபோய் 1,868 மீட்டர் உயரத்தில் நுவரெலியாவில் விட்டால் என்ன ஆகும்? பனி இறங்கியதும் தோல் தொய்ந்து தொண்டை கட்டிவிடும். தேயிலை மிலாற்றுச் சுள்ளியைக் கூட்டிக் கொளுத்தி நெஞ்சுக்குச் சூடு காட்டினால்தான் வாய் திறப்பார். திறந்துவிட்டால் மூன்று மலைக்கு அப்பால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் கிடக்கிறவனும் போர்வையை விலக்கியாக வேண்டும்.

இவரை ப்ளூஸ்காரர் என்பது மரியாதைக்குச் சொல்வதில்லை. மிசிசிப்பியில் டொக்கரி என்று ஒரு பருத்தித் தோட்டம். ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் அங்கேதான் இருந்தார். அவரிடம் கிட்டார் கற்றுக்கொண்ட ஹவ்லின் வுல்ஃப் பிறகு உலகப் புகழ் பெற்றார். கடனில் பிறந்து, கடனுக்கு உழைத்து, தோட்டத்துக் கடையிலேயே கடன் வாங்கி, பொழுது சாய்ந்ததும் அதையே பாட்டாகப் பாடுவதுதான் அங்கே முறை. பருத்தியை எடுத்துவிட்டுத் தேயிலையைப் போட்டால் நம் மலைநாட்டு அட்டன் வந்துவிடும்.

முதல் விருந்தாளி: துரை

1823இல் கம்பளைப் பக்கம் ஜார்ஜ் பேர்ட் என்பவர் கோப்பி போட ஆரம்பித்தார். கோப்பி பறிக்க ஆள் வேண்டும். தமிழ்நாட்டில் பசியும் பஞ்சமும் ஆள் பிடித்துக் கொடுத்தன. ஆள் கட்டும் கங்காணி கூட்டிக்கொண்டு வந்தார். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியில் நடந்த அந்தப் பயணத்தில் வழியிலேயே விழுந்தவர்கள் பல ஆயிரம். தாத்தா தன் வாழ்க்கையை இங்கே சாவுத் தப்போடுதான் தொடங்கினார். அந்த ஒரு விஷயத்தில் அவர் இன்றைக்கும் விளையாட மாட்டார், நாமும் விளையாட வேண்டாம்.

பிறகு 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டே வருஷத்தில் கோப்பியில் இலைநோய் காட்டத் தொடங்கி, மெல்ல மெல்ல மலையையே மொட்டையடித்தது. துரைமார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு யோசித்து, தேயிலைக்கு மாறினார்கள். கோப்பிக்குப் பருவம் உண்டு. பருவம் முடிந்தால் ஆட்கள் ஊருக்குத் திரும்பலாம். தேயிலை வருஷம் முழுக்கக் கொழுந்து விடுகிற செடி. மனிதர்களும் வருஷம் முழுக்க லயத்தில் கிடக்க வேண்டியதாயிற்று. தாத்தாவுக்கு நிரந்தர வேலை கிடைத்தது இப்படித்தான்.

வேலை என்ன? விடிவதற்கு முன்னால் லயத்து ஜனத்தை எழுப்பி, வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓட்டுவது. உலகத்திலேயே மிகச் சோகமான கச்சேரி இதுதான். ரசிகர் ஒருவரும் விரும்பி வருவதில்லை, வராமலிருக்கவும் முடியாது. வந்து வரிசையில் நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே தாத்தா அடித்த ஒவ்வொரு அடியும் கங்காணியின் மடியில் சில்லறையாக விழுந்தது. அடித்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், பேர் போடுகிற கணக்கப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

துரையோடு சேர்ந்து பாடுவதில் பாட்டு வரிதான் பெரிய இடைஞ்சல். துரைக்குத் தமிழ் தெரிய வேண்டுமே! அதற்காகப் புதிதாகக் கப்பலேறி வந்த சின்னத்துரைமாருக்கு ஒரு கையடக்கப் புத்தகமே போட்டார்கள். தலைப்பு 'இங்கே வா'. அதற்குமேல் அந்தக் கூட்டணியின் இலக்கிய நயத்தை நான் விளக்கவும் வேண்டுமா? தொல்காப்பியம் தொடங்கி ஈராயிரம் வருஷம் வளர்ந்த மொழியில் அவர்களுக்குத் தேவைப்பட்டது ஏவல் வினை மட்டுமே. ப்ளூஸில் பாடகர் ஓர் அடி பாட, கிட்டார் பதில் சொல்லும். இங்கே துரை ஓர் அடி பாடுவார். பதிலுக்குக் கூடை முதுகில் ஏறும், பெண்கள் மலைக்கு ஏறுவார்கள்.

சாயங்காலமானால் துரை நுவரெலியா ஹில் கிளப்புக்குப் போய்விடுவார். 1876இல் தொடங்கிய கிளப். கழுத்தில் டை இல்லாமல் சாப்பாட்டு மேசைக்குப் போக முடியாது. டை கட்டினாலும் தாத்தாவை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். காலையில் தன் தோட்டத்தையே எழுப்பிக் கொடுத்த கலைஞரைப் பற்றி அவர்கள் அங்கே பேசியிருந்தால், இந்தத் தப்புச் சத்தத்தில் தலைவலி என்றுதான் பேசியிருப்பார்கள்.

இரண்டாம் விருந்தாளி: மன்மதன்

துரையோடு அடித்தது வயிற்றுக்கு. தனக்காக அடிக்க வேண்டும் என்று தோன்றியபோது தாத்தா அழைத்த ஆள் மன்மதன். மாசி மாதம் அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றிவிட்டால் தோட்டத்தில் இரவுகள் தாத்தாவுக்குச் சொந்தம். பகலில் கொழுந்து, இரவில் கூத்து. ரதியும் மன்மதனும் லயத்து வாசல் வாசலாக ஆடி வருவார்கள். கடைசியில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க மன்மதன் எரிவான், ரதி தலைவிரித்து அழுவாள். ரதிக்கு வேஷம் கட்டியவர் காலையில் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த ஆம்பிளை என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் அழுகை நிற்காது.

தேவலோகத்தில் மன்மதனுக்கு எத்தனையோ கோயில் இருக்கலாம். எரிவதற்கு அவன் தேர்ந்தெடுத்த இடங்களில் இதைவிட நல்ல இடம் கிடையாது. பனிக்காலத்து நள்ளிரவில் டயகமவிலோ நானுஓயாவிலோ நின்று பாருங்கள். அந்த ஊரிலேயே உடம்பு சூடாக இருக்கிற ஒரே ஆள் மன்மதன்தான். தப்புக்காரர்களும் சும்மா இருப்பதில்லை, அந்த நெருப்பிலேயே தோலைக் காய்ச்சிக்கொள்வார்கள். கடவுளை எரித்து வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கிற கச்சேரி வேறு எந்த நாட்டில் உண்டு?

தாத்தாவின் வாழ்க்கையில் ஒழுங்காக நடந்துகொண்ட ஒரே விருந்தாளியும் மன்மதன்தான். நேரத்துக்கு வருவான், சொன்னபடி எரிவான், சொன்னபடி உயிர்த்தெழுவான், மேடையில் உரையாற்ற மாட்டான். அருச்சுனன் தபசு ஆடுகிற தோட்டங்களில் அருச்சுனனும் பரவாயில்லை. கம்பத்தில் ஏறிவிட்டால் பாசுபதம் கிடைக்கும்வரை இறங்க மாட்டார். தேர்தலில் ஜெயித்துக் கொழும்புக்கு ஏறினவர்களிடம் தோட்டம் அந்தப் பழக்கத்தை ஏற்கனவே பார்த்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். காமன் முன்னால் ஆட எல்லாச் சாதிக்கும் தப்பு வேண்டும். ஆட்டம் முடிந்ததும் தப்படித்தவரைத் தள்ளி நிற்கச் சொல்லவும் ஆள் உண்டு. கடல் கடக்கும்போது எல்லோரும் ஒரே படகில் வந்தார்கள். சாதியும் டிக்கட் எடுக்காமல் கூடவே ஏறி வந்துவிட்டது. துரை தாத்தாவைக் கிளப்புக்கு வெளியே நிறுத்தினார் என்று குற்றம் சொல்கிற நாம், கோயிலுக்கு வெளியே நிறுத்தியது யார் என்பதற்கும் பதில் வைத்துக்கொள்ள வேண்டும். பேரன்மார் பலர் இந்தக் குச்சியே வேண்டாம் என்று தூக்கிப் போட்டதற்குக் காரணம் சங்கீத ஞானக் குறைவல்ல.

மூன்றாம் விருந்தாளி: ஐயரும் அம்மாளும்

1920களில் தோட்டத்துக்குள் ஒரு புடவை வியாபாரி வந்தார். மூட்டையைப் பிரித்தால் மேலே சேலை, வாயைத் திறந்தால் உள்ளே சங்கம். தஞ்சாவூர்க்காரர், கோ. நடேசையர். தோட்டமெல்லாம் துரையின் தனிச் சொத்து. வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. அதனால் இந்த வேஷம். காமன் கூத்தில் ஆம்பிளை ரதியாகும் ஊரில், பத்திரிகை ஆசிரியர் புடவைக்காரராக வந்ததை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை.

ஐயர் 'தேசபக்தன்' நடத்தினார், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கு ஒரு சம்மேளனத்தைத் தொடங்கினார், 1936இல் அட்டன் தொகுதிக்கு அரசாங்க சபை உறுப்பினரானார். ஆனால் தாத்தாவின் கச்சேரிக்கு வந்த உண்மையான விருந்தாளி அவர் மனைவி மீனாட்சி அம்மாள். கூட்டத்தில் அம்மாள் பாடுவார். பாரதி பாட்டும் பாடுவார், தானே கட்டிய பாட்டும் பாடுவார். 1939இல் அரசாங்க வேலையிலிருந்து இந்தியத் தொழிலாளரை விரட்டத் தொடங்கியதும், மறு வருஷமே 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று பாட்டுப் புத்தகமே போட்டுவிட்டார். பிரசுரத்தைப் பறிமுதல் செய்யலாம். மனப்பாடமான மெட்டை எந்தப் பொலிஸ்காரன் பறிமுதல் செய்வான்?

சற்று யோசித்துப் பாருங்கள். தஞ்சாவூர் ஐயர் வீட்டுப் பெண்மணி, லயத்து ஜனம், நடுவில் பாட்டு. இந்தக் கூட்டைச் சொந்த ஊரில் நடத்தியிருந்தால் அக்கிரகாரம் மூர்ச்சை போட்டிருக்கும். தோட்டத்தில் மூர்ச்சை போட்டது தோட்டத் துரைமார் சங்கம்.

நான்காம் விருந்தாளி: நோட்டுப் புத்தகக்காரர்

சி.வி. வேலுப்பிள்ளை வெளியிலிருந்து வந்தவரல்ல. 1914இல் வட்டகொடைக்கு அருகே மடக்கும்புரைத் தோட்டத்திலேயே பிறந்தவர். தாத்தாவின் சொந்தப் பேரன் என்றே சொல்லலாம். பேரன் இங்கிலீஷ் படித்தார், கவிதை எழுதினார். 1954இல் 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' என்ற அவருடைய ஆங்கில நெடுங்கவிதை வெளிவந்தது. கேட்டுக் கேட்டு லயத்துக்குச் சலித்துப்போன அந்த விடிகாலைத் தப்புச் சத்தத்தை முதன்முதலாகக் கொழும்புச் சீமான்கள் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி கேட்டார்கள். பிறகு சக்தி பால ஐயா அதைத் தமிழாக்கினார். அட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போக லண்டன் வழியாகக் கோச்சி எடுத்த ஒரே பயணி நம் தாத்தாதான்.

சி.வி. செய்த பெரிய காரியம் வேறு. கிழவிகள் வாயிலிருந்த பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியைத் திட்டும் பாட்டு, துரையை அதைவிடத் திட்டும் பாட்டு. 1983இல் அது 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமானது. கூட வாசிக்க வந்த அத்தனை பேரிலும் கிழவர் என்ன பாடுகிறார் என்று வாயை மூடிக் கேட்டவர் இவர்தான். மறு வருஷம் காலமானார்.

இடையில் 1947இல் சி.வி. தலவாக்கலைக்கு நாடாளுமன்ற உறுப்பினரானார். இலங்கை இந்தியக் காங்கிரஸில் அப்படி ஏழு பேர் ஜெயித்தார்கள். ஏழு பேர் ஜெயித்தது தெற்கே பலருக்கு அஜீரணம். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, பின்னாலேயே வாக்குரிமையும் போயிற்று. பாடகர் நல்லாத்தான் பாடுகிறார், ஆனால் ஆள் எந்த ஊர் என்று கேட்டுக் கச்சேரியை நிறுத்திய கதை இது.

நிறுத்தியதோடு விட்டார்களா? 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து கூட்டத்தையே பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக வெட்டினார்கள். பாட்டுக்காரன் ஒரு நாட்டுக்கு, தப்புக்காரன் இன்னொரு நாட்டுக்கு. தாளம் எந்த நாட்டுப் பிரஜை என்று ஒப்பந்தத்தில் குறிக்க மறந்துவிட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினவர்களில் பலருக்குத் தாயகம் கொடுத்த வேலை என்ன தெரியுமா? நீலகிரியில் தேயிலை. அதே குளிர், அதே கொழுந்து, அதே பேர் போடுதல்.

ஐந்தாம் விருந்தாளி: கதாநாயகர்கள்

மலைநாட்டில் எம்.ஜி.ஆர். விருந்தாளியல்ல, சொந்தக்காரர். நாவலப்பிட்டியில் பிறந்தவர் ஆயிற்றே! 1965இல் அவர் சரோஜாதேவியோடு இலங்கை வந்துபோனதைக் கண்ணால் கண்டவர்களைவிடக் கண்டதாகச் சொன்னவர்கள் மலையில் அதிகம். குழாய் ஒலிபெருக்கி வந்த பிறகு தாத்தாவின் நிலைமை கொஞ்சம் பரிதாபம். திருவிழாவில் அவர் தொண்டையைச் சூடு காட்டி முடிப்பதற்குள் மரத்து உச்சியிலிருந்து டி.எம்.எஸ். தொடங்கிவிடுவார்.

பிறகு நம் ஆளே படம் எடுத்தார். தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' எடுத்து, தானே கதாநாயகனாகவும் நடித்தார். தோட்டத்துக் கதை. எழுதியதில் தெளிவத்தை ஜோசப்பின் கை உண்டு. தமிழ்நாட்டில் நடிகர்கள் தலைவர்களானார்கள், எங்களிடம் தலைவர் நடிகரானார். நேர்மையாகச் சொன்னால் எங்கள் முறை மேல். நடிக்கப்போவதை முன்கூட்டியே போஸ்டர் ஒட்டிச் சொல்லிவிட்டார் அல்லவா!

அதே 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1992இல் திரும்பவும் கம்பெனிகளின் கையில் கொடுத்தது. வெள்ளைத் துரை போய்க் கறுப்புத் துரை வந்தார், பிறகு டை கட்டிய முகாமையாளர் வந்தார். பிரட்டு நேரம் மட்டும் அசையவில்லை.

ஆறாம் விருந்தாளி: பயிற்சிப் பட்டறை

இப்போது தாத்தாவைத் தேடி ஜீப்பில் ஆள் வருகிறார்கள். தாத்தா இனி தப்பு அல்ல, 'அருகிவரும் பண்பாட்டு மரபுரிமை'. அதற்கொரு திட்ட அறிக்கை, ஒரு பதாகை, மத்தியானம் கோழிச் சாப்பாடு, குழுப்படம். பட்டறையில் வளவாளர் ஒருவர், அறுபது வருஷமாக அடிக்கிறவருக்குக் குச்சியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுப்பார். அவரும் பெரிய மனசு பண்ணித் தலையாட்டுவார். போக்குவரத்துக் காசு கொடுக்கிறார்கள் அல்லவா!

1970இல் ஹவ்லின் வுல்ஃப் லண்டனுக்குப் போய் எரிக் கிளாப்டனோடு பதிவு செய்தார். கிளாப்டன் அப்போதே கிட்டார் உலகத்துச் சக்கரவர்த்தி. ஒரு பாட்டில் கிழவரின் தாளம் பிடிபடவில்லை. நீங்களே வாசித்துக் காட்டுங்கள், நான் பின்னால் வருகிறேன் என்று கேட்டுக் கற்றுக்கொண்டார். அந்தப் பேச்சும் தட்டிலேயே பதிவாகியிருக்கிறது. சக்கரவர்த்திக்கு இருந்த அடக்கம் எங்கள் வளவாளருக்கும் வாய்க்க முத்துமாரி அருள் புரியட்டும்.

பட்டறையைக் கேலி செய்தாலும் ஒரு நன்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். சாவு வீட்டு வாத்தியம் என்று பெற்றோர் ஒளித்து வைத்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்றைக்கு விழா மேடையில் எடுத்து அடிக்கிறார்கள், பெண் பிள்ளைகளும் அடிக்கிறார்கள். சம்பளப் போராட்டம் என்றால் தாத்தா இல்லாமல் ஊர்வலம் நகராது. நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்ற ஒரு வரிப் பாட்டை வருஷக்கணக்கில் அடித்து 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் ஏற்றினார்கள். அது வந்து சேர்ந்தபோது ஆயிரம் ரூபாய் கிழவரைவிட மெலிந்திருந்தது. 2023இல் மலைக்கு வந்த இருநூறு வருஷ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஜனங்கள் திரும்ப நடந்தார்கள். முன்னோர் விழுந்த அதே வழி. இந்தத் தடவை கங்காணி கூட்டிப்போகவில்லை, தாங்களாகவே நடந்தார்கள்.

கணக்கை முடிப்போம். இருநூறு வருஷத்தில் தாத்தாவோடு கூட்டுச் சேர்ந்த ஒவ்வொருவரும் தனக்காகத்தான் அவர் பின்பாட்டுப் பாடுகிறார் என்று நம்பினார்கள். துரை போனார், பெரிய கங்காணிப் பட்டம் போனது, கட்சிகள் உடைந்து உடைந்து எழுத்துக்கள் தீர்ந்துபோகும் அளவுக்குப் பெயர் வைத்தாயிற்று. அடிக்கிறவர் இன்னும் அடிக்கிறார். யார் யாருக்குப் பின்பாட்டு என்பது இதிலிருந்தே தெரியவில்லையா?

ஆனாலும் இன்றைக்கும் மலைநாட்டில் எந்த விழாவானாலும் முறை ஒன்றுதான். அமைச்சர் வாகனத்திலிருந்து இறங்கியதும் தப்புக்காரர்கள் முன்னால் அடித்துக்கொண்டு மண்டப வாசல் வரை கூட்டிப்போவார்கள். வாசலில் அவர்கள் நின்றுவிடுவார்கள், விருந்தாளிகள் உள்ளே போய்விடுவார்கள். அழைப்பிதழில் 'தப்பிசை முழங்க' என்று ஒரு வரி இருக்கும். முழங்கியவர் யார் என்று இருக்காது.

என் யோசனை இது. அடுத்த அழைப்பிதழை ஹூக்கர் தட்டின் அட்டை மாதிரி அச்சடியுங்கள். மேலே கொட்டை எழுத்தில் தப்படிக்கிறவர்களின் முழுப் பெயர், தோட்டம், டிவிஷன். கீழே கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற அளவில்: சிறப்பு விருந்தினர், மாண்புமிகு அமைச்சர், வந்தால். முன்வரிசை நாற்காலியில் தாத்தாமார் உட்காரட்டும். அமைச்சருக்கு மேடைக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது. பனி இறங்கினால் தோல் தொய்யும். மிலாறு பொறுக்கி நெருப்பு மூட்ட ஆள் வேண்டும்.